மூச்சு முட்டிய கார்

ஆயில் அளக்கும் கம்பி மறுபடியும் தானாக எழும்பி நின்றது. வீரமுத்து அதை அமுக்கினார். அது மெதுவாக எழுந்து அவரையே பார்த்தது.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று காரைக் கேட்டார்.

தம்போயில் இருக்கும் அவர் வீட்டுப் போர்ச்சில் சனிக்கிழமை காலையிலிருந்து இதே கூத்து. மறுநாள் பெக்கோக் ஊரில் தங்கை தேன்மொழியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்; மாமன் என்று இருப்பவர் இவர் ஒருவர்தான். தேன்மொழியின் வீட்டுக்காரர் தங்கராஜுவோ போனிலேயே சொல்லிவிட்டார்: "மச்சான், அந்த டப்பா பாதி வழியில யோங் பெங்கைக்கூடத் தாண்டாது லா. நானே வந்து ஏத்திக்கிறேன்."

அந்த ஒரு பேச்சுக்காகவே சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று வீரமுத்துவுக்கு வைராக்கியம்.

"நேத்துதான் கோயில்ல காருக்குப் பூஜை போட்டோம். திருஷ்டிக் கயிறும் கட்டியாச்சு. ஒன்னும் ஆகாதுங்க," என்றாள் மனைவி தனலெட்சுமி, காதுகுத்துக்குக் கட்ட வேண்டிய சேலையை உதறிக் கொடியில் போட்டபடி.

"பூஜை போட்டதுலேருந்துதான் இப்படி இருக்கு."

"சாமியைக் குத்தம் சொல்லாதீங்க."

போனில் ஒரு வீடியோக்காரர் விளக்கினார். இன்ஜினும் நம்மைப் போலத்தான், கண்ணுகளா. ஓட ஓட வயிற்றுக்குள் காற்றும் ஆவியும் சேரும். அதை இழுத்து மறுபடி எரிய அனுப்ப, விரல் நீளத்தில் ஒரு வால்வும் ஒரு ரப்பர் குழாயும் உண்டு. அந்த வழி அடைத்துக்கொண்டால் வயிறு உப்பும், கம்பி எழும்பும், கண்ட இடத்தில் ஆயில் கசியும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கடகடக்க வேண்டும். கடகடத்தால் நல்ல வால்வு.

வீரமுத்து கழற்றிக் குலுக்கினார். கடகடத்தது. இருந்தாலும் நம்பாமல், கடைக்குப் போய்ப் புதிது வாங்கி மாட்டினார். குழாய் இன்ஜினுக்குப் பின்னால் வளைந்து போனது. இடுப்பு வலிக்காரர், அவ்வளவு தூரம் குனியவில்லை.

கம்பி முன்னைவிட வேகமாக எழுந்தது.

அதை ஒயரால் இறுக்கிக் கட்டினார். இன்ஜின் கொஞ்ச நேரம் சாதுவாக ஓடியது. பிறகு ஆயில் மூடி பறந்தது. கொடியில் கிடந்த சேலை முழுக்கக் கறுப்புப் புள்ளி.

"இது எந்தக் கடை டிசைனுங்க?" என்றாள் தனலெட்சுமி.

"மூடி லூசு. இப்பப் பாரு."

மூடியில் டேப் சுற்றி முறுக்கினார். மேலே வழியில்லாத ஆயில் கீழே இறங்கிப் போர்ச்சில் குளம் கட்டியது. பார்க்கப் போன வீரமுத்து வழுக்கி அதிலேயே உட்கார்ந்தார்.

"தங்கராஜு அண்ணனுக்குப் போன் போடட்டுமா?"

அவர் எழுந்திருக்கக் கை ஊன்றி மறுபடியும் வழுக்கினார். அவள் போட்டுவிட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தங்கராஜு புதுக் காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் பானட்டைத் திறந்தார்.

"பாருங்க மச்சான். இதுக்குப் பேருதான் இன்ஜின்."

திறந்தபடியே விட்டுக் காபி குடிக்க உள்ளே போனார். வீரமுத்து அதைப் பார்க்க மனமில்லாமல் வேட்டி மாற்றப் போனார். தனலெட்சுமி மட்டும் அந்தக் கார் பக்கத்திலேயே நின்று, சற்றுக் கழித்து உள்ளே வந்தாள்.

பெக்கோக்கில் குழந்தை மாமன் மடியை நனைத்துவிட்டுத்தான் காதைக் கொடுத்தது. "மச்சானை நான்தான் ஏத்திட்டு வந்தேன்," என்று பந்தி முழுக்கச் சொன்னார் தங்கராஜு. பாயசம் ஊற்றியவரிடம் இரண்டு தரம் சொன்னார். வீரமுத்து பாயசத்தை ஒதுக்கி வைத்தார்.

திரும்பும் வழியில், யோங் பெங் நெருங்கும்போது காருக்குள் ஆயில் நாற்றம். தங்கராஜு ஓரங்கட்டிப் பானட்டைத் திறந்தார். அங்கேயும் கம்பி எழும்பி நின்றுகொண்டிருந்தது.

"அலமாக். புதுக் கார், மச்சான்," என்றார், அழாத குறையாக.

பின்சீட்டு ஜன்னல் வழியே தனலெட்சுமி தலையை நீட்டினாள்.

"பயப்படாதீங்கண்ணே, கண்ணாடியில கட்டுனா எவனாவது அறுத்துட்டுப் போயிடுறான்னு, எங்க காருக்குக் கட்டுன மாதிரியே உங்க காருக்கும் உள்ள அந்த மெத்துனு இருக்கிற ரப்பர் குழாயில திருஷ்டிக் கயித்தை நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன்."