கோபித்துக்கொண்டு போன காற்று

பிள்ளைகளா, காற்றுக்கு ரோஷம் உண்டு என்று நம்பிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தென்காசியில் இருந்தார். பெயர் என்னவோ, எல்லாருக்கும் அவர் ஊதல் அண்ணாச்சி. பிறந்தநாள், காதுகுத்து, கடைத்திறப்பு, எதுவானாலும் பலூன் வளைவு கட்டுவது அவர்தான். ஊதி ஊதி, சும்மா நிற்கும்போதும் வாயில் இரண்டு லட்டை ஒதுக்கி வைத்தது போலவே கன்னம் இருக்கும்.

பம்பு வாங்கிக்கொள்ளச் சொன்னால் கோபம் வந்துவிடும்.

"பம்புக் காத்துக்கு ஆள் அடையாளம் தெரியாதுலே. என் மூச்சுக் காத்துன்னா நான் சொன்னபடி கேக்கும்."

ஒரு பலூன் வெடித்தால், கிழிந்த ரப்பரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஒனக்கு நான் என்ன கொற வச்சேன்?" என்று கேட்பார். பதில் வருமோ என்று நாங்களும் கொஞ்சம் காத்திருப்போம்.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சிமெண்டு மூட்டையும் ஏற்றுவேன், அண்ணாச்சியின் பலூனையும் ஏற்றுவேன். சிமெண்டுதான் சுலபம். பலூன் ஏற்றினால், வலையை ஒரு கையால் பிடித்தபடி அண்ணாச்சி பின்னால் நின்று, "மெதுவாப் போலே மாரி, உள்ள இருக்குறது தூங்குது" என்பார்.

ஒரு சித்திரை மாதம். கொதிக்கிற ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஊதிய பலூன்களை ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினோம். உள்ளே ஏசி போட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பலூன்கள் எல்லாம் லேசாகச் சுருங்கி, முகம் கழுவாத பிள்ளைகள் மாதிரி தொங்கின. அண்ணாச்சி நேரே மேனேஜரிடம் போனார்.

"ஓய், உம்ம ஏசி எம் பலூன் காத்தக் குடிக்குதுவே!"

"ஏசி கரண்டத்தான் குடிக்கும் அண்ணாச்சி. காத்தக் குடிக்காது."

"அப்ப எங்கன போச்சு?"

அண்ணாச்சி ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து என் ஆட்டோவில் போட்டார். உச்சி வெயில். கொஞ்ச நேரத்தில் சுருக்கமெல்லாம் மறைந்து, பலூன்கள் பழையபடி விறைத்து நின்றன.

"பாத்தியாலே! கோவிச்சிட்டுப் போன காத்து திரும்பி வந்துட்டு!"

"போட்ட முடிச்சு போட்டபடி இருக்கு அண்ணாச்சி. எப்படிப் போவும், எப்படி வரும்?"

"வீட்ல கதவு சாத்தித்தான் இருக்கு. நம்ம கோவம் தெருவுக்குப் போவுதில்லா? அது மாதிரிதான்."

பிள்ளைகளா, நான் பத்தாவது வரைதான் படித்தவன். எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். பலூனுக்குள் இருக்கிற காற்று, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துகள்கள். அவை ஓடிக்கொண்டே இருக்கும், ரப்பர் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் ஓட்டம் வேகமாகும், முட்டலும் பலமாகும். ரப்பர் இழுபடக்கூடியது அல்லவா, விலகி இடம் கொடுக்கும். பலூன் பெரிதாகும். குளிர்ந்தால் ஓட்டம் தளரும். வெளியே இருக்கிற காற்றும் ரப்பரும் சேர்ந்து அமுக்க, பலூன் ஒடுங்கும். இண்டர்வெல் மணி அடித்ததும் மைதானம் போதாமல் ஓடுகிற நீங்களேதானே, சாரல் பெய்கிற காலையில் ஒரே போர்வைக்குள் மூன்று பேர் அடங்கிக் கிடக்கிறீர்கள்? ஆள் குறையவில்லை, கூடவும் இல்லை. காற்றும் அப்படித்தான். (நாள்பட்டால் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கசியும். அது வேறு விஷயம்.) காலி பாட்டில் வாயில் ஒரு பலூனை மாட்டி, அம்மாவிடம் கேட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திப் பாருங்கள். பலூன் தலை தூக்கும். அப்படியே பச்சைத் தண்ணீரில் வையுங்கள், தலை சாயும்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உள்ள ஓடுதுங்குத. நீ பாத்தியா?"

"பாக்கல."

"கோவத்த நானும் பாக்கல. ரெண்டும் ஒண்ணுதாம்லே."

இதற்குப் பிறகு வந்ததுதான் வடகரை காதரின் மகள் பிறந்தநாள்.

காதர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். மகள் சஃபியா பிறந்தபோது அங்கேதான் இருந்தார். போன் திரையில் அவரைப் பார்த்தால் முத்தம் கொடுக்கிற பிள்ளை, இப்போது நேரில் வந்து நின்றால் உம்மாவின் முந்தானைக்குள் போய்விடுகிறது. மகளுக்கு அருவியைக் காட்டலாம், பிறந்தநாளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியைப் பிடித்திருந்தார்.

"பலூன்னா அவளுக்கு உசுரு அண்ணாச்சி. ஆனா வெடிச்சத்தம் ஆவாது. ஒண்ணு வெடிச்சாலும் புள்ள வெளிய வராது. ஞாயித்துக்கிழம நான் பிளைட் ஏறணும். அதுக்குள்ள ஒரு தடவயாவது எங்கிட்ட வரணும்."

"ஒண்ணுகூட வெடிக்காது. நான் பேசிக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. காற்றிடம்தான்.

அன்று காலை நல்ல சாரல். குளிரில் ஊதுகிற பலூன் ஊத ஊத வற்றல் போலத் தெரிந்தது. பிள்ளைக்கல்லவா என்று அண்ணாச்சி இன்னும் இன்னும் ஊதினார். ஒவ்வொன்றும் தட்டினால் மேளச்சத்தம் கேட்டது.

"வெயில் வந்தா விரியும் அண்ணாச்சி. கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும்."

"குத்தாலத்துல, சாரல்ல, வெயிலு! போலே, சட்னிய வாங்கிட்டு வா."

இட்லி வந்தது, சட்னி வந்தது. மேகம் விலகி, மலை மேலிருந்து வெயிலும் வந்துவிட்டது. சுள்ளென்று அடித்தது. வளைவு மாடிக் குழாய்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, நகர்த்த வழியில்லை. சஃபியா உம்மாவின் கையை விட்டுவிட்டு வளைவை நோக்கி மெல்ல நடந்தாள். காதர் மறுபக்கம் கை நீட்டிக் குனிந்து நின்றார்.

பட்!

பிள்ளை வீறிட்டு ஓடி முந்தானைக்குள் போய்விட்டது. காதர் குனிந்தபடியே இருந்தார். மற்றப் பலூன்கள் வெளுத்து, தோல் மெலிந்து நின்றன. அண்ணாச்சி வழக்கம்போலக் கிழிந்த ரப்பரை எடுக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. என்னிடம் வந்தார்.

"சரிலே, நீ சொன்ன மாதிரி உள்ள ஓடட்டும். இப்ப அத நிறுத்த என்ன செய்யணும்?"

"குளிர வைக்கணும் அண்ணாச்சி."

அவர் சுற்றிப் பார்த்தார். மாடி டிரம்மில் சாரல் தண்ணீர் நிரம்பி நின்றது. இடுப்புத் துண்டை அவிழ்த்து அதில் முக்கினார்.

"குளிப்பாட்டுங்கலே!"

நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். புதுச்சட்டையோடு காதர் டிரம் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் மக்கை எடுத்து, மொண்டு ஊற்றினார். கீழே உடம்பு முழுக்க எண்ணெயோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"அண்ணாச்சி, எண்ண தேய்க்காம குளிப்பாட்டுதீகளே!"

"ரப்பருக்கு எண்ண ஆவாது, போங்கலே! இளகிப் போவும்!" என்று கத்திக்கொண்டே, ஒரு மஞ்சள் பலூனுக்குக் காது இருப்பதுபோல் இரண்டு பக்கமும் துடைத்தார்.

முந்தானைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

நாங்கள் யாரும் திரும்பவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தோம். பலூன்கள் விறைப்புக் குறைந்து, சொட்டச் சொட்ட நின்றன. மேகமும் மறுபடி மூடியது. காதரின் கையிலிருந்த மக்கை ஒரு சின்னக் கை பிடித்து இழுத்தது. உச்சியில் இருந்த சிவப்புப் பலூனைக் காட்டி, "வாப்பா, அதுக்கு?" என்றது.

காதர் அவளைத் தூக்கினார். அவள் பலூனுக்கு ஊற்றியது பாதி, வாப்பாவின் தலையில் ஊற்றியது பாதி. அவர் முகத்தைத் துடைக்கவே இல்லை.

அண்ணாச்சி துண்டைப் பிழிந்தபடி என் பக்கம் வந்தார்.

"பாத்தியாலே, கோவம் தணிஞ்சிட்டு."

தணிந்தது காற்றின் கோபம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையைப் பார்த்தேன். "ஆமா அண்ணாச்சி" என்றேன்.

இப்போது அண்ணாச்சி கடையம் ஊருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். சாரல் காலையில் என் பையன், "அப்பா, பந்துல காத்து போயிட்டு" என்று கொண்டுவருவான். எங்கேயும் போகவில்லை, ஒடுங்கித்தான் இருக்கிறது என்று விளக்கமாகச் சொல்லுவேன். அவன் போன பிறகு பந்தை வெயில் வருகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, "ஒனக்கு என்ன கொற வச்சேன்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.