கலனுக்குப் பதினெட்டு மைல்

"நான் கஞ்சனில்லை, சிக்கனக்காரன்" என்று ஓர் ஆண் சொன்னால் உடனே அவனுடைய மனைவியின் முகத்தைப் பாருங்கள். உண்மை அங்கேதான் எழுதியிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டனில், பிளேஸ்டோவில் குடியிருந்தபோது இந்த வசனத்தை நான் நாளுக்கு மூன்று தரம் சொன்னேன். வசந்தியின் முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை.

காரணம் ஒரு ஜீப். எனக்கு முன் மூன்று பேர் ஓடிக் களைத்து விற்றது. நாலு சில்லும் இழுக்கிற பெரிய பெற்றோல் ஜீப். (பிளேஸ்டோவில் ஏற மலையே இல்லை என்பது வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.) ஒரு கலன் பெற்றோலுக்குப் பன்னிரண்டு மைல் ஓடியது. என் சகலன் தேவன் அண்ணை, அதாவது வசந்தியின் அக்கா புருஷன், ஒரு சின்ன யப்பான் கார் வைத்திருந்தார். அது நாற்பது மைல் ஓடுமாம். (அவர் சொன்னது. நான் போய் அளக்கவில்லை.)

"தம்பி, உதை வித்துப்போட்டு ஒரு மாடு வாங்கும். பால் எண்டாலும் தரும்" என்றார், சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருந்த ஒரு பிறந்தநாள் விழாவில்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பதினெட்டு மைலாவது ஓட்டிக் காட்டாவிட்டால் நான் மனிசனில்லை என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். கூரையில் இருந்த இரும்புத் தட்டைக் கழற்றினேன், காற்றுக்குத் தடையாம். சில்லுகளுக்கு இறுக்கமாகக் காற்றடித்தேன். ஸ்பெயர் சில்லு, ஜாக்கி, ஸ்பானர் பெட்டி எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படிக்கட்டின் கீழ் அடுக்கினேன். பெடலுக்கும் காலுக்கும் நடுவில் ஒரு பொரித்த அப்பளம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டினேன். வசந்தியின் கைப்பையை ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

இவ்வளவு செய்தும் பதினைந்துக்கு மேல் ஏறவில்லை.

அந்த நேரத்தில்தான் வசந்தியின் தங்கை கலாவுக்குத் தென்லண்டனில், சட்டன் என்ற இடத்தில் கலியாணம் ஒழுங்காகியது. மாமிக்கு, வசந்தியின் தாய்க்கு, விசா கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வர முடியாமற் போய்விட்டது. தாய் இல்லாத குறை எந்த இடத்திலும் தெரியக் கூடாது என்று அக்காவும் வசந்தியும் மூன்று மாதம் ஓடித் திரிந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சம்பிரதாயம் பார்க்கிறவர். "சீதனம் ஒண்டும் வேண்டாம். சடங்கு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடக்கவேணும்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக வசந்தி இரவில் நித்திரை கொள்ளவில்லை.

அந்தச் சடங்கில் என் பங்கு அம்மி. தாலி கட்டிய பிறகு பெண் அதில் கால் வைக்கவேண்டும். அந்தக் காலத்தில் லண்டனில் ஒழுங்கான அம்மிகள் மிகக் குறைவு. எங்கள் அடுத்த தெருக்காரர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மிதான் கலியாணம் கலியாணமாகச் சுற்றிவரும். தேவன் அண்ணையின் சின்னக் காரில் அன்றைக்குச் சாமான் நிரம்பிவிடும், அம்மிக்கு இடமில்லை.

"உம்மட மாட்டுக்கு ஒரு வேலை வந்திருக்கு" என்றார்.

முதல் நாளே அம்மியை ஜீப்பின் பின்னால் ஏற்றி, பக்கத்தில் குழவியை வைத்து, உருளாமல் சாக்கு அடைத்து விட்டேன். கலியாணத்தன்று காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. பிளேஸ்டோவிலிருந்து சட்டன் வரை நல்ல நீள ஓட்டம். பெற்றோல் தாங்கியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் சரியாக அளக்கலாம். பெற்றோல் நிலையம் அரை மைல் தூரம். அரை மைல் போய் அரை மைல் வர அம்மிக்கு என்ன வேலை? இறக்கி, முன்வாசலில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். (குழவியை இறக்கவில்லை. முதுகு பிடித்துவிட்டது.)

திரும்பி வந்தபோது வசந்தி சடங்குச் சாமான் பெட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் தெருவில் நின்றாள்.

"எங்கையப்பா போனனீங்கள்? நேரம் போகுது, கெதியா எடுங்கோ."

எடுத்தேன்.

தேம்ஸ் ஆற்றைக் கடந்து தென்லண்டன் பக்கம் வந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். பெற்றோல் முள் அசையவே இல்லை. கிரிஸ்டல் பேலஸ் ஏற்றத்தில் வழக்கமாக முக்கி முனகுகிற ஜீப் அன்று பூப்போல ஏறியது.

"பாத்தீரே, எப்பிடி ஏறுது?"

"ரோட்டைப் பாருங்கோ. அம்மி ஏத்தினீங்கள்தானே?"

"உந்தச் சத்தம் கேக்கேல்லையே உமக்கு?"

பின்னால் குழவி கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. அவளும் சமாதானமாகிவிட்டாள். உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலில் போட்டு, ஜீப்பைச் சும்மா இறங்க விட்டேன். குழவி பின்கதவடியிலிருந்து புறப்பட்டு நேரே வந்து பிள்ளைகளின் இருக்கையில் டொம்மென்று இடித்தது.

"அப்பா, என்ர சீற்றில ஏதோ இடிக்குது" என்றாள் மூத்தவள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குழவி பின்கதவிலிருந்து இருக்கை வரை உருளவேண்டுமென்றால் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது.

அம்மியை எடுக்கத் திரும்பினால் முகூர்த்தம் போய்விடும். திரும்பாவிட்டால் மாப்பிள்ளையின் தாய் சபைக்கு நடுவில் கேட்கப்போகிறார், மூன்று மாதமாகத் தாயின் இடத்தில் நிற்கிற வசந்தி பதில் சொல்லவேண்டும். சொல்லிவிடலாமா என்று அவள் பக்கம் பார்த்தேன். சடங்குச் சாமான் பட்டியலில் கடைசி வரிக்குச் சரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பெற்றோல் முள்ளையும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் அவர்களை இறக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்தபோது தேவன் அண்ணை வந்து நின்றார்.

"எங்கை அம்மி?"

"வீட்டை."

பகிடி விட்டுச் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. "ஒருத்தருக்கும் சொல்லாதையும். தாலி கட்ட முக்கால் மணித்தியாலம் இருக்கு. ஒரு கல்லுத் தேடும். ஓடும்" என்றார்.

ஒரு நகரத்தில் கையில் எடுக்கக்கூடிய ஒரு கல்லும் இருக்காது என்பதை அன்று கண்டேன். சுற்றிவரத் தார், சீமெந்து, செங்கல். தெருவோரக் கல் ஒன்று கொஞ்சம் ஆடியது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தியிருந்து, அதை இழுத்தேன். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு வேலிக்குள் ரோசாச் செடி வெட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய காலடியில், புல்லுக்குள், பாசி பிடித்த ஒரு கல். அம்மியின் அளவு, அம்மியின் நீளம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தக் கல்லைக் கடனாகத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"எதற்கு?"

"என் மனைவியின் தங்கை அதில் நிற்கவேண்டும்."

"எவ்வளவு நேரம்?"

"இரண்டு நிமிடம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மண்டபத்தின் வாழைத் தோரணத்தையும் பார்த்தார். "கொண்டுபோங்கள். டோபி கோபிக்க மாட்டான்" என்றார். டோபி அவருடைய புருஷன் என்று நினைத்து, அவருக்கும் நன்றி சொல்லச் சொன்னேன்.

மண்டபத்துக் குசினியில், பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வைத்துக் கல்லைக் கழுவினேன். பாசி போகப் போக எழுத்துத் தெரிந்தது. 'டோபி. நல்ல பூனை.' மேலே ஒரு பூனையின் தலை, புடைப்பாகச் செதுக்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. கலாவுக்குத் தாலி ஏறும்போது நான் ஒரு பூனையின் கல்லறையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

பூனையைக் கீழே கவிழ்த்து, மேலே சந்தனமும் குங்குமமும் அப்பி, குழவியை வைத்து, தேவன் அண்ணையும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். ஐயர் குனிந்து பார்த்தார். லண்டனில் பாதிக் கலியாணங்களை அந்தப் பழைய அம்மியோடு நடத்தியவர் அவர்.

"இது அந்த அம்மி இல்லையே" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். வசந்தி கல்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"புது அம்மி ஐயா" என்றார் தேவன் அண்ணை.

ஐயர் என் கையில் இருந்த மண்ணைக் கவனித்தார். "குழவி எனக்குத் தெரிஞ்ச குழவிதான்" என்று மெல்லச் சொல்லி அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "சரி, வலக்காலை வையுங்கோ பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை கலாவின் காலைப் பிடித்துக் கல்லில் வைத்தார். கல் ஆடியது. கீழே பூனையின் தலை. கலா ஒரு பக்கம் சரிந்தாள், சபை மூச்சை இழுத்தது. நான் யோசிக்காமல் முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் கல்லை அமத்திப் பிடித்தேன். கல்லைப்போல உறுதியாக இரு என்ற மந்திரம் என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மெட்டி போட்டு முடியும்வரை நான் விடவில்லை.

மாப்பிள்ளையின் தாய் எழுந்து வசந்தியிடம் போனார். "உங்கட மனுசனைப்போலப் பொறுப்பான ஆளை நான் காணேல்லை" என்றார்.

"ஓம். சரியான பொறுப்பு" என்றாள் வசந்தி.

மாலை வீடு திரும்பினோம். அம்மி வைத்த இடத்திலேயே இருந்தது. பால்காரர் அதன்மேல் இரண்டு போத்தல் பாலை வடிவாக வைத்துவிட்டுப் போயிருந்தார். வசந்தி போத்தல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினொரு நாள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த முறை தாங்கியை நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். சரியாகப் பதினெட்டு மைல். அதை ஒருவருக்கும் சொல்ல முடியாமல் போன துக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதை மறந்தாலும், "மைலேஜுக்கு இறக்கினதோ?" என்பார்கள். எந்தக் கலியாணம் வந்தாலும் அம்மி தேவன் அண்ணையின் காரில்தான் போகும், என் மடியில். அப்போதுதான் மறக்க மாட்டேனாம்.

பூனைக் கல்லை அன்றே திருப்பிக் கொடுத்தேன், சட்டனிலேயே குடியேறிய கலா அந்தப் பெண்மணியோடு பழக்கமானாள். அவர் சில வருடங்களுக்குப் பிறகு மகளோடு இருக்கப் போனபோது கல்லைக் கலாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தான் கால் வைத்தது ஒரு பூனையின் கல்லறை என்று கலாவுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். போன வருடம் கலாவின் மகனுக்குக் கலியாணம். அம்மியை எங்கே எடுப்பது என்று நான் பவ்வியமாகக் கேட்டேன்.

"அம்மி வேண்டாம் அத்தான்" என்றாள் கலா. "அந்தக் கல்லில கால் வைச்ச நான் நல்லாத்தானே இருக்கிறன். என்ர மருமகளும் அதிலயே வைக்கட்டும். நீங்கள் வந்து பிடிச்சால் போதும்."

இந்த வயதில் திரும்பவும் முழங்காலில் இருந்து டோபியைப் பிடித்தேன். எழும்ப ஏலாமல் போனபோது கைகொடுத்துத் தூக்கிவிட்டவள் வசந்தி.