மஞ்சள் துணி கட்டிய நாற்பது மரங்கள்

புத்திசாலி என்று வீட்டில் பெயரெடுத்த பிள்ளையை நம்பி யாரும் ஒரு காட்டை ஒப்படைக்கக் கூடாது. எனக்கு இருபது வயதில் ஒப்படைத்தார்கள்.

கோலாலம்பூருக்குக் கிழக்கே ஒரு மலைச்சரிவில் பாதை போடும் வேலையில் நான் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போடுவது என் பொறுப்பு. சனிக்கிழமைக்குள் சரிவு வெட்டவெளியானால் வேலை நிரந்தரம் என்று துரை சொல்லியிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அம்மா அதை நம்பி எனக்குப் பெண் பார்க்கவே தொடங்கிவிட்டார்.

நான் பூசிய சுண்ணாம்பைச் சாயங்கால மழை தினமும் கழுவிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் என் மூளை வேலை செய்தது (அது வேலை செய்யும் நாட்களில்தான் ஆபத்து). அப்பாவின் வேட்டி ஒன்றைக் கிழித்து, இருட்டுக் காட்டிலும் பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சளில் நனைத்து, நாற்பது மரங்களில் கட்டினேன். மஞ்சள் துணி கட்டிய மரத்தைக் கும்பிட்டே வளர்ந்தவன்தான் நானும். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை கங்காணியும் ஆட்களும் கோடாலிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். சில மரங்களுக்குக் குங்குமமும் வைத்தாகிவிட்டது.

"சாமி மரத்துல நாங்க கை வைக்க மாட்டோம், கிராணி ஐயா," என்றார் கங்காணி.

"துணியக் கட்டுனதே நாந்தாண்ணே."

"யாரு கட்டுனா என்ன? கட்டியாச்சில்ல."

எனக்குக் கோபம் வந்தது. வெறும் மரம்தான் என்று காட்ட, நானே ஒரு கோடாலியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினேன். திறந்து பார்த்தால் வெட்டிய இடத்திலிருந்து சிவப்பாக வழிகிறது. ரத்தமேதான். கங்காணிக்கு முன்பே நான் காலில் விழுந்துவிட்டேன் (மரத்தின் காலில்தான்). துரை வந்து நின்றபோதும் எழுந்திருக்கவில்லை.

வேலை போனது. ஆட்கள் கடைசிவரை மசியாததால், பாதை அந்தச் சரிவைச் சுற்றி வளைந்து போனது.

நான் வெட்டிய மரம் காட்டு ஜாதிக்காய் இனம், அதன் பால் இயல்பிலேயே சிவப்பு என்று செடிகொடி சேகரிக்கும் ஒருவர் பல வருடம் கழித்து எனக்கு விளக்கினார். அந்த நாற்பதில் பெரும்பாலானவை வெவ்வேறு வகை என்றும் சொன்னார். எனக்கு அன்று எல்லாமே வெட்ட வேண்டிய மரம் என்ற ஒரே வகை. வேலை போனதைவிட அதுதான் இன்றும் வெட்கமாக இருக்கிறது. சுற்றியுள்ள குன்றுகளில் இப்போது ரப்பர் வரிசை வரிசையாக நிற்கிறது. அந்தச் சரிவு மட்டும் இன்னும் காடு.

அதைக் காப்பாற்றியவன் நான் என்று விருந்தாளி யாராவது தெரியாமல் புகழ்ந்துவிட்டால், என் மனைவி காப்பியை வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வாள்:

"ஆமா, இவங்க கோடாலி எடுத்தா மரத்துக்கு ஆயுசு கூடும்."