முடிச்சு அண்ணனின் கம்ப்யூட்டர்கள்

காஞ்சிபுரத்தில் எதையும் அறுத்து எறியத் தெரியாத ஒரே மனிதர் முடிச்சு அண்ணன்தான். தறியிலிருந்து எழுந்து வந்து, எங்கள் பட்டுச்சேலைக் கடையின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பானவர். செருப்பு வார், மவுஸ் வயர், எது அறுந்தாலும் மிச்சப் பட்டு நூலில் ஒரு முடிச்சு. அவர் மூக்குக்கண்ணாடிக்கு ஜரிகை பார்டரே உண்டு.

புது கம்ப்யூட்டர்கள் வந்தபோது, பழையதில் இருந்ததையெல்லாம் ஏற்றி ஒன்றை மட்டும் தயார் செய்து, அதன் ஹார்டு டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து மற்றவற்றில் இறக்கினார். அன்றிலிருந்து, பில் போடும் செல்வி காலையில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

முகூர்த்த சீசன். கடை கொள்ளாத கூட்டம். பில்லுக்குக் காத்திருந்த மணப்பெண் ஒருத்தி, அரக்கு வேண்டாம், மாம்பழ மஞ்சள்தான் வேண்டும் என்று மனம் மாறிவிட்டாள். முதலாளி வெடித்தார்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாவல, நாளைலேர்ந்து நீ வராதப்பா!"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்து முடித்து அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சந்தேகங்களை வரிசைப்படுத்தினேன்: ஒன்று, வைரஸ். இரண்டு, ஹார்டு டிஸ்க். மூன்று, நெட்வொர்க். நான்கு, அண்ணன்.

நெட்வொர்க் வயரைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. சொருகினால் மறுபடி வட்டம்.

"அண்ணே, இது ஏதோ பழைய பிரின்டரத் தேடிக்கினு இருக்குது. எங்க அது?"

"காயலாங்கடைக்குப் போயி ரொம்ப நாளாவுதேமா."

"அப்புறம் எதுக்கு இதுல வெச்சிருக்கீங்க?"

"தறியில பாவு நூல் தீந்தா மொத்தமாவா உருவிடுவோம்? பழைய இழை முனைய அச்சுலயே உட்டு, புதுசை அதோட பிணைப்போம். உருவினா அவ்ளோ இழையும் முதல்லேர்ந்து கோக்கணும்மா!"

"இது தறி இல்லண்ணே."

"தேடினா தேடட்டுமே. வூட்ல ஒருத்தர் போயிட்டா நாம தேட மாட்டமா?"

"நாளைக்கு நாங்க உங்களத் தேடப் போறோம், பாத்துக்குங்க!" என்றாள் செல்வி.

அண்ணனின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. "நீயே பண்ணிடுமா" என்று கண்ணை மூடிக்கொண்டார். செத்துப்போன பிரின்டர்கள், தூக்கிப்போட்ட பழைய சர்வர் என்று ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஐயோ".

கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் திறந்தது. அண்ணனுக்கு நம்பிக்கையில்லை.

"இன்னாமா, அவசரத்துல எதையாச்சும் உட்டுட்டு வந்துடுச்சா?"

எட்டிப் பார்த்த முதலாளி, "நாளைக்கு சீக்கிரம் வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அண்ணன் மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர்கள் எல்லாம் நொடியில் திறக்கின்றன. எனக்குத்தான் காலையில் கொஞ்சம் நேரமாகிறது. அவர் நாற்காலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்கார முடிகிறது.