சூப் கடைக்காரர் காலமானார்

"இன்னிக்கு நாம ரெண்டு பேரும் கோட்டைக்குள்ள இருக்கிற பழைய ஊருக்குப் போறோம் சார். நீங்க எழுதினதையெல்லாம் நான் கண்ணால பார்த்துடணும்" என்றார் பத்திரிகைக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியர் அம்மா.

ப்ரூஃப் ரீடரின் கையிலிருந்து சிவப்புப் பேனா நழுவியது.

பிழை திருத்துவதுதான் அவர் வேலை. கூடவே மூன்று வருடமாக ‘சந்து பொந்து’ என்ற பகுதியையும் எழுதிவந்தார். வாரம் பழைய ஊரின் ஒரு தெரு, ஒரு கடை, ஒரு தின்பண்டம். ‘உள்ளூர்க்காரர் போலச் சுற்றுங்கள்’ என்று அவர் கூப்பிடுகிற அழகுக்கே பத்திரிகை விற்றது.

ஒரே ஒரு குறை. அந்தப் பழைய ஊருக்குள் அவர் காலடி வைத்ததே இல்லை. கூட்டம் என்றால் அவருக்கு மூச்சு முட்டும். வயிற்றுப் புண்ணுக்கு டாக்டர் அனுமதித்ததோ பாலில் நனைத்த ரொட்டி மட்டும். அதை மென்றுகொண்டே ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, வாசகர்களுக்கு நாக்கில் எச்சில் ஊற வைத்துக்கொண்டிருந்தார்.

"முட்டி வலி மேடம்..." என்று இழுத்தார்.

"கோட்டை வாசல் வரைக்கும் கார்லயே போயிடலாம்."

கோட்டை வாசலில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆசிரியர் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். ப்ரூஃப் ரீடர் கம்பீரமாக இடது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் நிழல் இருந்தது, அவ்வளவுதான்.

சந்துக்குள் ஐம்பது சுத்தியல்கள் ஒரே நேரத்தில் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருந்தன.

"ஊசி விழுந்தாக்கூட கேக்கும்னு எழுதினீங்களே, அந்தத் தெருவா இது?" காதைப் பொத்திக்கொண்டு கத்தினார் அம்மா.

"இதேதான் மேடம்! இவங்க சாப்பிடப் போற நேரத்துல வந்து கேக்கணும்!" என்று இவரும் கத்தினார்.

அம்மா அதையும் நம்பிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"சரி, அந்தக் காளான் சூப் கடைக்குப் போவோம். அதைப் படிச்சுட்டுத்தான் சார் நான் இந்த வேலைக்கே வந்தேன். அதுக்காகவே காலையிலேருந்து வயித்தைக் காயப்போட்டு வெச்சிருக்கேன்."

அப்படி ஒரு கடை உலகத்திலேயே கிடையாது. ஆபீஸ் மேசையில் உட்கார்ந்தே அதைக் கற்பனையில் கட்டியவருக்குத் தெரியாதா? அவர் தொண்டையைச் செருமினார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை மேடம். அந்தக் கடைக்காரர் போன வாரம் தவறிட்டார். கடையை மூடிட்டாங்க."

சொன்னதும் மனசு பஞ்சாகப் பறந்தது. ஆனால் அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன.

"அடப் பாவமே! வீடு எங்க இருக்கு? இவ்வளவு தூரம் வந்துட்டு, ஒரு வார்த்தை விசாரிக்காம எப்படிப் போறது?"

"வீடு... தெரியாதே மேடம்."

"கேட்டாப் போச்சு."

அம்மா பழக்காரியிடம் ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "இங்க காளான் சூப் விக்கிறவர் வீடு எதும்மா? இறந்துட்டாராமே?"

தெரியாதுன்னு சொல்லிடு தாயே என்று ப்ரூஃப் ரீடர் மனசுக்குள் கும்பிட்டார். பழக்காரி தராசைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"சூப்புக்காரரா? போயிட்டாரா? காலையிலகூட எங்கிட்டதானே எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போனாரு!"

"காலையிலயா?" அம்மா திரும்பினார். "போன வாரம்னு சொன்னீங்க?"

"போன வாரமே நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம்."

பழக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டே முன்னால் நடந்தாள். வழியில் ஒரு செருப்புக்காரர் விஷயம் கேட்டுச் சேர்ந்துகொண்டார். பூட்டுக்காரர் கையில் பூட்டோடு வந்தார். நாலாவது சந்து திரும்பும்போது இருபது பேர் ஆகிவிட்டார்கள். எல்லோரும் அழுதார்கள். இவருக்கு மட்டும் அழுகைகூட வரவில்லை. இல்லாத கடைக்கு இத்தனை பேருக்கும் எப்படி வழி தெரிகிறது?

கூட்டம் நின்றது.

பச்சைக் கதவு. கோணலாகத் தொங்கும் மணி. எட்டு முக்காலிகள், பித்தளைக் கோப்பைகள். வெண்ணெயும் மிளகும் மூக்கைத் துளைத்தன. எல்லாமே வரிக்கு வரி அவர் எழுதிய மாதிரியே இருந்தது. நடுவில், கரண்டியும் கையுமாக மலை மாதிரி ஒரு மனிதர்.

பழக்காரி வீல் என்று அலறினாள். "உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஏன், என்ன ஆச்சு? யாரு செத்தது?"

"நீங்கதான்!"

"நானா? எவன் சொன்னான்?"

இருபது விரல்கள் ப்ரூஃப் ரீடரை நோக்கி நீண்டன.

"இவர்தாங்க" என்றார் ஆசிரியர் அம்மா. முகம் சிவந்திருந்தது. "எங்க பத்திரிகையில ‘சந்து பொந்து’ எழுதறவர். இனிமே எழுத மாட்டார்."

சூப்புக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டே எட்டில் எதிரே வந்து நின்றார். அறை விழப்போகிறது என்று ப்ரூஃப் ரீடர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அறை விழவில்லை. இரண்டு பெரிய கைகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டன.

"ஐயா, நான் குடை ரிப்பேர் பண்ணிட்டிருந்தவன். சூப் கடை எங்க, சூப் கடை எங்கன்னு உங்க வாசகருங்க தினம் வந்து கேட்டாங்க, நானும் வெச்சுட்டேன். ஆனா செத்துட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க ஐயா, நீங்க எழுதினதை இந்தத் தெருவுல நாங்க இதுவரைக்கும் மீறினதே இல்லை!"