பாடை ஒத்திகை

நான் ஒருமுறை பாடையில் போயிருக்கிறேன். உயிரோடுதான். சங்கத்துக்கு இளவட்டங்களைச் சேர்க்கப் போய் அப்படி ஆனது.

தல்லாகுளத்துக்குப் பின்னால் எங்கள் தெரு. எமர்ஜென்சி முடிந்த சமயம். அங்கே எனக்கு சைக்கிள் கடை. தெருவுக்கு ஒரு சங்கம் உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கத்து ஆட்கள்தான் தூக்க வேண்டும். அதற்கென்று இரும்பில் ஒரு பாடை இருந்தது. தூக்கத்தான் ஆள் இல்லை. எல்லாருக்கும் வயசாகிவிட்டது. சின்னவன் என்றால் நான் ஒருத்தன்தான். (இளைஞர் அணி என்று என்னைத்தான் சொல்வார்கள். எனக்கு அப்போதே முன்மண்டை வழுக்கை.)

தலைவர் செல்லையா அண்ணன். மில்லில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். பிள்ளை இல்லை. தெருவில் பாதி வீட்டுச் சாவுக்கு அவர் தோள் கொடுத்திருக்கிறார். இருமி முடித்தால் இதையேதான் கேட்பார்.

"எல்லாரையும் நான் தூக்கிட்டேன். என்னைய யாருடா தூக்குவா?"

சங்கத்துக் கொட்டகையில் கேரம் போர்டு போட்டுப் பார்த்தேன். பையன்கள் வந்தார்கள். ஆடினார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். பயம். (ஓடினவன் ஸ்ட்ரைக்கரையும் கொண்டுபோய்விட்டான்.)

பயத்தைப் போக்கிவிட்டால் சேர்ந்துவிடுவார்கள் என்று என் மூளை சொன்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்களைக் கூட்டி ஒத்திகை வைத்தேன். பழைய டயர்களைச் சாக்கில் கட்டிப் பாடையில் வைத்தேன். பையன்களில் மூத்தவன் மணி. அவன் சாக்கைக் காலால் தட்டினான்.

"மூட்ட தூக்க எங்களுக்குத் தெரியாதாண்ணே? மனுசன வைங்க."

"யார வைக்க?"

"நீங்க படுங்க."

படுத்தேன். (ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் வேறென்ன செய்வேன்.) மணி கயிறு போட்டுக் கட்டினான். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். துண்டை எடுத்துத் தாடையையும் கட்டினான்.

"பழகுறத முழுசாப் பழகிருவோம்ண்ணே."

தெருமுக்கு வரை போய்த் திரும்புவதாகத்தான் பேச்சு. வெயில் கண்ணில் அடித்தது. மூடிக்கொண்டேன். டீக்கடைக்காரர் கேட்டது காதில் விழுந்தது.

"யாருப்பா?"

"சைக்கிள் கடை அண்ணே."

பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் சேதி எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது.

என் சம்சாரம் தங்கம் மாவுக் கையோடு ஓடிவந்தாள். "என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!" அதுவரை அவள் என்னை 'நீ' என்று சொன்னதில்லை. "ஏ தங்கம்" என்றேன். தாடைக்கட்டு விடவில்லை. "ம்ம்ம்" என்றுதான் வந்தது. அவள் மயங்கி விழுந்தாள்.

பாடையை இறக்கிக் கட்டை அவிழ்த்தார்கள். அவளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்தவள் என்னைப் பார்த்தாள். மாவுக் கையாலேயே கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

வீட்டுக்கு நடக்கப் பார்த்தேன். தெரு விடவில்லை. பையன்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் தெருமுக்கைத் தாண்டியிருந்தார்கள். தாண்டின பாடை அப்படியே திரும்பக் கூடாது, திரும்பினால் தெருவில் அடுத்த சாவு விழும் என்பார்கள். செல்லையா அண்ணன் இருமிக்கொண்டே வந்தார்.

"அவன் எறங்கிட்டா எடம் காலியா கெடக்கும். அடுத்து யாரு படுக்குறது, நானா? கரைக்குக் கொண்டுபோங்கடா. தலை முழுகிட்டு நடந்து வரட்டும்."

மறுபடி படுத்தேன். வைகைக் கரை வரை. பொம்பளைகள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும். தங்கம் நிற்கவில்லை. வழியெல்லாம் பின்னால் வைதுகொண்டே வந்தாள். எதிரே ஒரு பஸ் நின்றது. டிரைவர் கும்பிட்டார். நான் தலையாட்டினேன். (அவர் எந்த ஊர் போய்ச் சேர்ந்தாரோ.)

பள்ளத்தில் இறங்கும்போது கால்பக்கம் சறுக்கினேன். "டேய் நெட்டையா, நீ முன்னால வா" என்றான் மணி. அவர்களே ஆளை மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் பாடை ஆடவில்லை.

"உங்க பக்கம் தொங்குதுடா!"

"போடா, எங்க பக்கம் இன்னும் ரெண்டு பேர ஏத்து, தூக்குறோம்."

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி என் தலையில் ஊற்றினார்கள். ஒருத்தன் முகத்திலும் பயம் இல்லை. தங்கம் பக்கத்தில் நின்றதால் எனக்குத்தான் இருந்தது.

அவ்வளவு செய்தும் தை பிறக்கும் முன்னே செல்லையா அண்ணன் போய்விட்டார். பையன்களை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே வந்தார்கள். தாடையை மணிதான் கட்டினான். அதே பள்ளத்தில் இறங்கும்போது அவன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"பயப்படாத பெரியப்பா. ஆடாமப் போறோம்."

நான் எதையும் பார்க்காமல் நடந்தேன்.

இப்போது மணிதான் தலைவர். அவனுக்கும் நரைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பான்.

"ஒடம்பக் கொறைங்கண்ணே. இப்ப உள்ள பயலுக தாங்க மாட்டானுக."

அடுப்படியிலிருந்து தங்கம் குரல் கொடுப்பாள்.

"நான் ஒருக்கா அழுது முடிச்சாச்சு மணி. அடுத்தவாட்டி என்னையக் கூப்பிடாத."