ஃபெஸ்டஸ் கெரட்டியின் பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

கில்லாரன், மேயோ மாவட்டம்
14 அக்டோபர் 1994, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி

பேரன்புக்குரிய ஐட்டா அக்காவுக்கு,

தம்பி டொனல் மிகுந்த மரியாதையோடும் அதைவிட மிகுந்த பயத்தோடும் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் அட்ராக்டாவும் இந்த நிமிடம் வரை சுகம். மாலை ஏழரைக்கு மேல் என் சுகத்துக்கு நான் பொறுப்பில்லை. பாஸ்டனில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? அத்தானின் முழங்கால் தேவலையா? உங்கள் மாடியில் ஒரு சின்ன அறை இருந்ததே, அது இப்போது காலியாக இருக்கிறதா? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

இந்தப் பதினோரு வருடத்தில் எங்கள் பதிப்பகம் பதினான்கு புத்தகம் போட்டிருக்கிறது. மேயோவின் சுண்ணாம்புச் சூளைகள், மேயோவின் மூடிய ரயில் நிலையங்கள், மேயோவின் புனிதக் கிணறுகள் இரண்டு பாகம். டப்ளின்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பதினைந்தாவதுதான் 'கில்லாரன் பங்கின் நூறு வருடம்'. இன்று மாலை, கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்தில் வெளியீடு. நம் ஊர்க்காரர்கள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர்களா? நேரே படத்துக்குப் போவார்கள், தங்கள் ஆளைத் தேடுவார்கள், பெயர் சரியா என்று பார்ப்பார்கள், அதற்கப்புறம்தான் மூச்சு விடுவார்கள். அதனால் ஒவ்வொரு படத்தையும் நான் மூன்று முறை சரிபார்த்தேன். இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை போட்டேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில், 1936இல் கோப்பை வாங்கிய நம் கால்பந்து அணி. பதினைந்து பேர். பதினைந்து சிலுவை.

புதன்கிழமை தபால் நிலையத்தில் அசம்ப்டா முத்திரை குத்திக்கொண்டே, "ஃபெஸ்டஸ் கெரட்டி போன் பண்ணாரு டொனல், விழா எத்தனை மணிக்குன்னு கேட்டாரு" என்றாள்.

"எந்த ஃபெஸ்டஸ்?"

"நம்ம ஊர்ல எத்தனை ஃபெஸ்டஸ் கெரட்டி இருந்தாங்க? மலைக்கு அந்தாண்ட போயிட்டாரே, அவருதான். அந்த டீம்ல மிச்சம் இருக்கறது தான் ஒருத்தன்தானாம், முதல் வரிசையில சீட்டு போட்டு வைக்கச் சொன்னாரு. ஏன் உனக்கு மூஞ்சி வெளுக்குது?"

அக்கா, ஏன் வெளுக்காது? அந்த ஆளை உங்களுக்கு நினைவிருக்கும். எண்பது வயதாகிறதாம், இன்னமும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பாம். ஒரு மாட்டுத் தரகர் விலையில் ஏமாற்றப் பார்த்தாரென்று, தொப்பி, பை, குடையோடு அப்படியே தூக்கி ஏரியில் போட்ட மனிதர். அவரைத்தான் நான் ஐந்நூறு பிரதிகளில் கொன்றிருக்கிறேன். ஓர் ஊர்ப் பதிப்பகம் உயிரோடிருப்பவனைச் செத்தவன் என்று போட்டால் அப்புறம் அது சொல்கிற எதை யார் நம்புவார்கள்? சுண்ணாம்புச் சூளையைக்கூட நம்ப மாட்டார்கள். யாரும் இனி ஒரு பழைய போட்டோவைக்கூட என் கையில் கொடுக்க மாட்டார்கள். இன்றோடு கடையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் ஒன்றும் மனம்போன போக்கில் சிலுவை போடவில்லை. நவம்பர் மாதம் எல்லா வீட்டிலும் தங்கள் இறந்தவர்களின் பெயரை எழுதி உறையில் போட்டுப் பீடத்தில் வைக்கிறோம் அல்லவா, மாதம் முழுக்கப் பூசையில் வைத்து வேண்டுகிறார்களே, அந்தப் பட்டியல்களை வைத்துத்தான் சரிபார்த்தேன். அதைவிட நம்பகமான ஆவணம் இந்தப் பங்கில் உண்டா? ஓடினேன் ஃபாதர் கானிஸிடம். மனிதர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்க வந்து நாலு வருஷம்தான் ஆச்சு டொனல். எழுதிக் குடுத்ததை வாசிக்கிறேன். செத்தாரா இல்லையான்னு நாடி பிடிச்சா பாக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து பழைய உறைகளை எடுத்துக் காட்டினார். வருடம் தவறாமல் ஒரே கையெழுத்து. அப்பா பெயர், அம்மா பெயர், மூன்றாவதாக ஃபெஸ்டஸ். எழுதியது அவருடைய சொந்தத் தங்கை டெல்யா.

நீங்கள் போன பிறகு நடந்தது இது, அக்கா. அப்பன் பேச்சை மீறி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விதவையை அவர் கட்டிக்கொண்டார். 1963 முதல் அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்ததில்லை. முழிக்காவிட்டால் போகிறது, ஆளையே சாகடிப்பதா? அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஆமா, நான்தான் எழுதினேன். உனக்கென்ன?" என்றாள்.

"அவரு உயிரோட இருக்காரும்மா!"

"எனக்குத் தெரியாதா?" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இதில் இன்னொரு விஷயம். பங்கில் எந்த விழா நடந்தாலும் தேநீர்ப் பொறுப்பு டெல்யாவுடையது. இன்றைக்கும் அவள்தான். முப்பத்தொரு வருடம் கழித்து இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் நிற்கப் போகிறார்கள், நடுவில் என் புத்தகம்.

நேற்று முழுக்கச் சும்மா இருந்தோம் என்று நினைக்காதீர்கள். சவர பிளேடால் சிலுவையைச் சுரண்டிப் பார்த்தேன். தாள் கிழிந்து, பின்பக்கத்துப் படத்தில் இருந்த பிஷப்பின் மூக்கு போய்விட்டது. நாற்பது பிரதிகளில் அவருக்கு மூக்கில்லை. பிறகு அட்ராக்டா திருத்தச் சீட்டு அடித்தாள். 'பக்கம் 88: திரு. ஃபெஸ்டஸ் கெரட்டி உயிரோடு இருக்கிறார். வருந்துகிறோம்.' ஐந்நூறும் அடித்து முடித்த பிறகு அவளே வாய்விட்டுப் படித்துப் பார்த்து, "ஏங்க, இதைப் படிச்சா இன்னும் நல்லா அடிப்பாருங்க" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். விழாவைத் தள்ளிப் போடலாமென்றால் வானொலியில் சொல்லியாகிவிட்டது. ஹாம் சாண்ட்விச்சும் வெட்டியாகிவிட்டது. வெட்டிய சாண்ட்விச்சை இந்த ஊரில் யார் திருப்பி அனுப்புவது?

ஆகவே முடிவெடுத்துவிட்டேன், அக்கா. இன்று அடி வாங்குவேன், நாளை புத்தகங்களைத் தோட்டத்தில் வைத்துக் கொளுத்துவேன், பதிப்பகத்தை மூடிவிட்டு அடுத்த மாதம் பாஸ்டனுக்கு வந்துவிடுவோம். அத்தானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கோணல் எழுத்தை மன்னிக்கவும். அன்னை மரியாள் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். நேரமிருந்தால் எங்களையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி (இப்போதைக்கு உயிரோடிருக்கும்)
டொனல் ஹெஃபர்னன்

பி.கு. சனிக்கிழமை காலை. உறையை ஒட்டுவதற்கு நல்லவேளை மறந்துவிட்டேன். அறையைப் பூட்டியே வையுங்கள், அத்தானிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஃபெஸ்டஸ் ஏழு மணிக்கே வந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் மேசையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நேரே எண்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்தார். பார்த்தார். "யாருடா என்னைச் சாகடிச்சது?" என்றார். நான்தான் என்று சொல்லிவிட அவரை நோக்கி நடந்தேன், அக்கா. அதற்குள் தேநீர்க் கெண்டியைக் கையில் பிடித்தபடியே டெல்யா முன்னால் வந்துவிட்டாள்.

"அவனை விடு. நான்தான். வருஷா வருஷம் நவம்பர்ல உன் பேரை எழுதினேன்."

"உயிரோட இருக்கறவனைச் செத்தவங்களோட ஏண்டி சேர்த்தே?"

"உன் பேரை இனி எடுக்கவே மாட்டேன்னு சாகறப்போ அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. வாயால சொல்ல மாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன், எழுத மாட்டேன்னு பண்ணலையே. உனக்காக யாராவது வேண்டிக்கணும்ல? எழுதிக் குடுக்கறது அந்தப் பட்டியல் ஒண்ணுதான, நான் எழுதி வெச்சேன், சாமியார் வாசிச்சாரு. எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு அண்ணே?"

கெண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அவள் காலணியெல்லாம் தேநீர். எனக்கு அழுகை வந்துவிட்டது, அட்ராக்டாவுக்கும்தான். ஃபெஸ்டஸ் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு தங்கையின் கையிலிருந்து கெண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"அதான் இன்னும் சாகாம கெடக்கேனா?" என்றார். "வர்ற நவம்பர்லயும் எழுதிரு டெல்யா. நிறுத்திப்புடாத."